கோல்ட்ரேனுக்கு ஸ்டூடியோ கூண்டல்ல

ஜாஸ் கேட்கிற நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பற்றிய பேச்சு வராமல் இருக்காது. எங்கே தொடங்கினாலும் அந்தப் பேச்சு ஒரே தீர்ப்பில் வந்து நிற்கும்: ஸ்டூடியோவில் பதிந்தவை எல்லாம் வெறும் மாதிரிகள், உண்மையான கோல்ட்ரேன் கிளப்பிலும் மேடையிலும் பதிவான டேப்புகளில்தான் இருக்கிறார். சேகரிப்பாளர்கள் நடுவே இதை எதிர்த்துப் பேச ஆளில்லை. புதிதாகக் கேட்க வரும் இளைஞனிடம் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ தட்டை ஒருமுறை கேட்டுவிட்டு எடுத்து வைத்துவிடு, வில்லேஜ் வான்கார்டு பெட்டியை வாங்கு, ஜப்பான் கச்சேரியைத் தேடு, வானொலியில் ஒலிபரப்பானதை யாரோ பதிந்து வைத்த டேப்புகளைத் திரட்டு என்று வழி சொல்கிறார்கள். அவனும் அப்படியே செய்கிறான். சில ஆண்டுகளில் அவனிடம் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ இருபது விதமாக இருக்கிறது; ‘கிரசென்ட்’ தட்டு இருக்காது.

இந்தத் தீர்ப்பு தவறு. அவரவர் ரசனை என்று சொல்லி விட்டுவிடக்கூடிய தவறும் அல்ல. இதை நம்பிச் சேகரிப்பவர் கோல்ட்ரேனின் பாதி இசையை இழக்கிறார், கையில் இருக்கும் மறுபாதியையும் கோணலாகக் கேட்கிறார்.

இந்த எண்ணம் நம்மிடம் எளிதாக வேர்விடக் காரணம் உண்டு. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்குக் கச்சேரிதான் இசை. மூன்று நிமிட இசைத்தட்டில் ராகத்தை நறுக்கி வைத்த காலம் நம் நினைவில் தங்கியிருக்கிறது. திரைப்பாடல் பழக்கமோ இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து அதே எண்ணத்தை ஊட்டுகிறது: பாடகர் ஒரு நாள் வருவார், வயலின்காரர்கள் இன்னொரு நாள் வருவார்கள், எல்லாவற்றையும் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். ஸ்டூடியோ என்றாலே நறுக்கல், ஒட்டல், கம்பெனிக் கடிகாரம் என்று நமக்குள் பதிந்துவிட்டது. அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கோல்ட்ரேன் மீது வைக்கிறோம். அங்கே அது பொருந்தவில்லை.

இம்பல்ஸ் கம்பெனி வெளியிட்ட கோல்ட்ரேன் தட்டுகளில் பெரும்பாலானவை நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கில்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானவை. வான் கெல்டர் முதலில் பகலில் கண் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தவர். பெற்றோர் வீட்டுக் கூடத்தில்தான் ஒலிப்பதிவைத் தொடங்கினார். 1959இல் எங்கில்வுட் கிளிஃப்ஸில் 39 அடி உயர மரக்கூரையோடு தனிக் கட்டடம் எழுப்பினார். அந்தக் கூரைக்குக் கீழே கோல்ட்ரேன், பியானோவில் மெக்காய் டைனர், பாஸில் ஜிம்மி காரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் என நால்வரும் ஒரே நேரத்தில், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசித்தார்கள். வாசித்தது வாசித்தபடி டேப்பில் ஏறியது. கிளப்பில் நடப்பதற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுதான்: எதிரே மேசைகளும் கோப்பைகளும் இல்லை. 1961 நவம்பரில் வில்லேஜ் வான்கார்டு கிளப்பின் நிலவறைக்கும் 1963 அக்டோபரில் பேர்ட்லேண்டு கிளப்புக்கும் தன் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தவரும் இதே வான் கெல்டர்தான். நேரடிப் பதிவின் சிகரங்கள் என்று இவர்கள் கொண்டாடுவதைப் பிடித்த கையும் காதும் ஸ்டூடியோவில் இருந்த அதே கையும் காதும்தான்.

ஸ்டூடியோவில் நேரமில்லை என்பது அடுத்த வாதம். எண்களைப் பார்ப்போம். 1960 அக்டோபரில் ஸ்டூடியோவில் பதிவான ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பதின்மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. 1961 மே மாதத்தில் பதிந்த ‘ஓலே’ 18 நிமிடம். அதே கோடையில் பதிந்த ‘ஆப்பிரிக்கா’ 16 நிமிடம். 1965 ஜூன் 28 அன்று பதினோரு பேர் சேர்ந்து வாசித்த ‘அசென்ஷன்’ 40 நிமிடத்தை நெருங்கி, தட்டின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. நேரம் வேண்டியபோது கோல்ட்ரேன் எடுத்துக்கொண்டார். வேண்டாதபோது எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது என்றால் அதற்குள் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது என்று பொருள். மறுபக்கம் 1966 ஜூலையில் டோக்கியோவில் வாசித்த ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ 57 நிமிடம். அதில் முதல் கால் மணி நேரம் ஏறத்தாழ முழுவதும் காரிசனின் தனி பாஸ் வாசிப்பு. எனக்கு அந்த பாஸ் வாசிப்பு பிடிக்கும். ஆனால் 57 என்பதாலேயே அது 13ஐவிட மேலானது என்று பேசுகிறவர் இசையைக் கேட்கவில்லை, அளக்கிறார்.

கிளப்பில் நேரம் கட்டற்று ஓடியது என்பதும் முழு உண்மை இல்லை. 1965 மார்ச் 26 அன்று நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பிலிருந்து வானொலியில் போன ‘ஒன் டவுன், ஒன் அப்’ எத்தனையோ சாக்ஸபோன் மாணவர்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கேட்ட டேப். 2005இல்தான் முறைப்படி வெளிவந்தது. கோல்ட்ரேனின் மிகப் பெரிய வாசிப்புகளில் ஒன்று என்று நானும் சொல்வேன். அதைப் போட்டதும் என்ன கேட்கிறது? அறிவிப்பாளர் பேசுகிறார், வாசிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை வானொலியின் அட்டவணை முடிவு செய்தது. கம்பெனிக் கடிகாரத்தைத் திட்டுகிறவர்கள் இந்தக் கடிகாரத்தை மட்டும் ஏன் மன்னிக்கிறார்கள்?

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கோபம் மூட்டுவது: ஸ்டூடியோவில் அவர் அடக்கி வாசித்தார், பாதுகாப்பாக வாசித்தார், துணிச்சலெல்லாம் மேடையில்தான் என்பது. 1959 மே 5 அன்று அட்லாண்டிக் கம்பெனிக்காகப் பதிந்த ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பாட்டைத் திரும்பக் கேளுங்கள். இரண்டு துடிப்புக்கு ஒரு கார்டு மாறிக்கொண்டே ஓடும் அந்த வேகத்தில் கோல்ட்ரேன் பல மாதப் பயிற்சியோடு பாய்கிறார். பியானோவில் டாமி ஃப்ளானகன். அக்காலத்தின் நேர்த்தியான கைகளில் ஒன்று அவருடையது. அவர் முறை வரும்போது தடுமாறுகிறார், சொற்றொடர்கள் உடைகின்றன, கடைசியில் வெறும் கார்டுகளாகச் சுருங்கிவிடுகிறார். அதை அப்படியே தட்டில் விட்டார்கள். பத்திரமான வேலை இப்படியா இருக்கும்? முதல்தர பியானோக் கலைஞர் ஒருவர் புரியாத நிலத்தில் தட்டுத் தடுமாறி நடப்பது எந்த கிளப் டேப்பிலும் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்காது. ஃப்ளானகன் பின்னாளில் அதே பாட்டைத் தலைப்பாக வைத்துக் கோல்ட்ரேனுக்கு அஞ்சலியாக ஒரு தட்டே வெளியிட்டார்.

1967 பிப்ரவரி 22 அன்று வான் கெல்டரின் ஸ்டூடியோவில் கோல்ட்ரேனும் டிரம்ஸ் வாசித்த ரஷீத் அலியும் மட்டும் உட்கார்ந்து பதிந்த ‘இன்டர்ஸ்டெல்லார் ஸ்பேஸ்’ இன்னொரு சாட்சி. பியானோ இல்லை, பாஸ் இல்லை, கைதட்டல் இல்லை. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து 1974இல் வந்தது. டெனர் சாக்ஸபோனின் அடியிலிருந்து உச்சிவரை இரண்டு ஸ்தாயிகளுக்கிடையே தாவி, ஒரே ஆள் இருவராக உரையாடுவதுபோல அவர் கட்டும் வாசிப்பு அதில் இருக்கிறது. அவரது கடைசிக் காலத்தின் நெருப்பு மேடையில்தான் எரிந்தது என்பவர்கள் இந்தத் தட்டை எங்கே வைப்பார்கள்?

இனி ‘அலபாமா’. இந்த விவாதம் முழுவதற்கும் இந்த ஒரு பாட்டே போதும் என்பது என் எண்ணம்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, கோல்ட்ரேன் தன் குழுவோடு எங்கில்வுட் கிளிஃப்ஸுக்குப் போய் ஐந்து நிமிட வாசிப்பு ஒன்றைப் பதிந்தார். டைனரின் இடக்கை அடித்தளத்தில் அதிர்ந்துகொண்டே இருக்க, தாளம் நிலைகொள்ளாமல் மிதக்க, சாக்ஸபோன் ஒருவர் கல்லறை முன் நின்று பேசுவதுபோல வரிவரியாக நிறுத்தி நிறுத்தி வருகிறது. நடுவில் கொஞ்ச நேரம் நடை பிடிக்கிறது, பிறகு மீண்டும் அந்தப் பேச்சு. இறுதியில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் புரண்டு எழுகிறது. நீட்டல் இல்லை, வித்தை இல்லை. ஒவ்வொரு மூச்சும் எண்ணி எடுத்த மூச்சு.

அந்தப் பதிவு எந்தத் தட்டில் வெளிவந்தது? ‘லைவ் அட் பேர்ட்லேண்ட்’. அட்டையில் ‘லைவ்’ என்று அச்சிட்ட தட்டில்! அதில் உள்ள ஐந்தில் மூன்று அக்டோபர் 8 அன்று பேர்ட்லேண்டில் பதிவானவை. ‘அலபாமா’வும் ‘யுவர் லேடி’யும் ஸ்டூடியோவில் பதிவானவை. 1963இல் வந்த ‘இம்ப்ரெஷன்ஸ்’ தட்டும் இதே போன்ற கலவை. வான்கார்டில் வாசித்த ‘இந்தியா’வும் ‘இம்ப்ரெஷன்ஸ்’ஸும், அவற்றோடு ஸ்டூடியோவில் பதிந்த ‘ஆஃப்டர் தி ரெய்ன்’. கோல்ட்ரேனும் தயாரிப்பாளர் பாப் தீலும் இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கேட்கக் கொடுத்தார்கள். நேரடி, ஸ்டூடியோ என்ற வேலியை அவர்கள் மதிக்கவில்லை. பல ஆண்டுகள் ‘அலபாமா’வை நேரடிப் பதிவென்று நம்பி அதன் ‘மேடை உயிர்ப்பை’ப் புகழ்ந்தவர்கள் உண்டு. அவர்கள் காது அவர்களிடம் உண்மையைத்தான் சொல்லியது. கொள்கைதான் பொய் சொன்னது.

‘எ லவ் சுப்ரீம்’ பற்றி இப்போது பேசியாக வேண்டும், ஏனென்றால் 2021க்குப் பிறகு நேரடிப் பிரியர்களுக்குப் புதிய ஆயுதம் கிடைத்திருக்கிறது. ஸ்டூடியோத் தட்டு 1964 டிசம்பர் 9 அன்று ஒரே இரவில் பதிவாகி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்தது. சுமார் 33 நிமிடம். கோல்ட்ரேன் இதை மக்கள் முன் முழுதாக வாசித்ததற்கு நெடுங்காலம் ஒரே பதிவுதான் தெரிந்திருந்தது, 1965 ஜூலையில் பிரான்சின் ஆன்டிப் விழாவில் எடுத்தது. பிறகு 1965 அக்டோபர் 2 அன்று சியாட்டில் நகரின் பென்ட்ஹவுஸ் கிளப்பில் வாசித்தது, ஜோ பிரேசில் என்ற இசைக் கலைஞர் பாதுகாத்து வைத்திருந்த டேப்புகளிலிருந்து வெளிவந்தது. ஃபாரோ சாண்டர்ஸும் கார்லோஸ் வார்டும் கூடுதலாகச் சாக்ஸபோன் வாசிக்கிறார்கள், டொனால்ட் காரெட் இரண்டாவது பாஸ். 75 நிமிடம் வரை போகிறது. உடனே தீர்ப்பு வந்துவிட்டது: இதுதான் நிஜம், ஸ்டூடியோத் தட்டு வெறும் வரைபடம்.

சியாட்டில் டேப்பை நான் மதிக்கிறேன். எல்வின் ஜோன்ஸ் அதில் வாசிப்பதற்காகவே அதை வைத்திருப்பேன். ஆனால் ஸ்டூடியோத் தட்டில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் பகுதியில் பாஸ் எடுத்துக் கொடுக்கும் நான்கு சுரங்களைக் கோல்ட்ரேன் இறுதியில் பன்னிரண்டு சுருதிகளுக்கும் நகர்த்திக்கொண்டு போகிறார்; எல்லாத் திசையிலும் போய் அதையே சொல்லிவிட்டு வந்த பிறகுதான் அந்த நான்கு சுரங்கள் வாயால் சொல்லும் மந்திரமாகின்றன. கடைசிப் பகுதியான ‘சாம்’ இன்னும் வியப்பு. தட்டின் உள்ளட்டையில் கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கிறது. அந்தக் கவிதையின் சொற்களைத்தான் சாக்ஸபோன் அசை அசையாகப் பேசுகிறது. கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் விரல் வைத்து வாசித்துவிடலாம். அந்த உள்ளட்டை எழுத்தும், அந்த 33 நிமிடமும், தட்டைத் திருப்பிப் போடும் இடைவெளியும் சேர்ந்து உருவான படைப்பு இது. கேட்பவர் தன் அறையில் தனியாக, கண்ணெதிரே எழுத்தை வைத்துக்கொண்டு கேட்பதற்கென்றே செய்தது. மேடையில் இதற்கு வழி கிடையாது. குரலைப் பின்னால் சேர்த்தார்களே, அது ஏமாற்று இல்லையா என்பார்கள். மந்திரம் சொல்லும் குரலின் ஒரு பகுதி பின்னர் சேர்க்கப்பட்டதுதான். வாசித்துக்கொண்டே ஒருவர் வாயால் ஓத முடியாது. அவர் இரண்டும் வேண்டுமென்று நினைத்தார். ஸ்டூடியோ அதைக் கொடுத்தது. அடுத்த நாளே சாக்ஸபோன் கலைஞர் ஆர்ச்சி ஷெப்பையும் பாஸ் கலைஞர் ஆர்ட் டேவிஸையும் கூட்டி வந்து முதல் பகுதியை மறுபடி வாசித்துப் பார்த்தார். கேட்டுவிட்டு முந்தைய இரவின் நால்வர் பதிவையே தேர்ந்தெடுத்தார். அடைபட்ட மனிதர் செய்கிற காரியமா இது?

தேர்வு என்ற இந்த விஷயத்துக்கு ‘அசென்ஷன்’ இன்னும் வலுவான சான்று. அன்று அதை இரண்டு முறை முழுதாக வாசித்தார்கள். முதலில் வெளிவந்த தட்டில் ஒன்று இருந்தது. கோல்ட்ரேனுக்கு மற்றதுதான் பிடித்தது. கம்பெனி அட்டையை மாற்றாமல் உள்ளே இருந்த இசையை மாற்றியது. உள்விளிம்பில், வரிப்பள்ளம் முடிகிற இடத்தில், ‘எடிஷன் II’ என்று கீறியிருப்பதைப் பார்த்துத்தான் எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டூடியோப் பதிவு இறுகிப் போனது, மேடைப் பதிவு மாறிக்கொண்டிருப்பது என்கிறவர்கள் ஒரே அட்டையில் இருக்கும் இந்த இரண்டு ‘அசென்ஷன்’களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும்.

எதிர்த்தரப்புக்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார், சோனி ரோலின்ஸ். ஸ்டூடியோ தனக்கு ஒத்துவரவில்லை என்று அவரே வாய்திறந்து சொன்னவர். 1970களுக்குப் பிறகு அவர் மேடையில் எட்டிய உயரத்தை ஸ்டூடியோத் தட்டுகளில் எட்டவில்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. 2008 முதல் வந்த ‘ரோடு ஷோஸ்’ வரிசை அதைக் காட்டிவிட்டது. ரசிகர்கள் பதிந்து வைத்த டேப்புகள் அவரது பிற்காலத்தைக் காப்பாற்றின என்றே சொல்லலாம். ஆனால் அதே ரோலின்ஸ்தான் 1956 ஜூன் 22 அன்று ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ பதிந்தார். அதில் உள்ள ‘புளூ செவன்’ ஒரு சின்னக் கருவிலிருந்து முழு வாசிப்பையும் வளர்த்துக் கட்டும் முறையைப் பற்றி குந்தர் ஷுல்லர் எழுதிய கட்டுரை ஜாஸ் விமர்சனத்திலேயே ஒரு மைல்கல். அது ஸ்டூடியோப் பதிவு. ரோலின்ஸின் ஒரு காலகட்டத்துக்குப் பொருந்தும் உண்மையை அவருக்கே முழுவதும் பொருத்த முடியாது. அப்படியிருக்க அதைக் கோல்ட்ரேனுக்கும், அங்கிருந்து எல்லாச் சாக்ஸபோன்காரர்களுக்கும் சட்டமாக்குவது என்ன நியாயம்?

நேரடிப் பதிவு வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டீன் பெனடெட்டியைப் பார்க்கலாம். அவரும் சாக்ஸபோன் வாசித்தவர், சார்லி பார்க்கரின் பக்தர். 1947, 48இல் பார்க்கர் வாசித்த இடங்களுக்குப் பதிவுக் கருவியோடு போனார். பார்க்கர் சோலோ தொடங்கும்போது கருவியை ஓட்டுவார், முடிந்ததும் நிறுத்திவிடுவார். 1990இல் மொசைக் கம்பெனி அவற்றை ஏழு குறுந்தகடுகளாக வெளியிட்டது. பார்க்கரின் வாசிப்பு அருவியாகக் கொட்டுகிறது, பாட்டு இல்லை. யார் விட்ட இடத்திலிருந்து எடுத்தார், யாருக்குப் பதில் சொன்னார், டிரம்ஸ் எங்கே அவரைத் தள்ளியது, எதுவும் முழுதாகத் தெரியவில்லை. பெனடெட்டி செய்தது பெரிய சேவை, அந்தப் பதிவுகள் போயிருந்தால் நமக்குத்தான் இழப்பு. ஆனால் அவரைப் போலவே கேட்கப் பழகிவிட்டால், பார்க்கர் 1945 நவம்பரில் மூன்று நிமிடத்துக்குள் முழுதாகச் செதுக்கி வைத்த ‘கோ கோ’ ஏன் ஒரு தலைமுறையையே புரட்டிப் போட்டது என்பது பிடிபடாது.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961 நவம்பரில் வான்கார்டில் வாசித்த ‘சேஸின் தி டிரேன்’. பதினாறு நிமிடம், பியானோ ஒதுங்கிக்கொள்ள டெனரும் பாஸும் டிரம்ஸும் மூச்சு விடாமல் போகும் ப்ளூஸ். மேடையில் நகர்ந்துகொண்டே இருந்த கோல்ட்ரேனை மைக்கோடு விரட்ட வேண்டியிருந்ததால் வான் கெல்டர் வைத்த பெயர் அது. டவுன்பீட் இதழின் விமர்சகர்கள் இவ்வகை வாசிப்பை ‘ஜாஸுக்கு எதிரானது’ என்றுகூடத் திட்டினார்கள். இது ஸ்டூடியோவில் பிறந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். நள்ளிரவுக்கு மேல் ஒரு கிளப்பின் சூடும், முன்வரிசையில் இருப்பவரின் கூச்சலும் சில வாசிப்புகளைப் பிடுங்கி எடுக்கின்றன. பேர்ட்லேண்டில் ‘ஐ வான்ட் டு டாக் அபவுட் யூ’ முடிவில் யார் துணையும் இல்லாமல் அவர் வாசிக்கும் நீண்ட பகுதியும் அப்படிப்பட்டதே. இவற்றை வைத்துக்கொண்டு நேரடிப் பதிவுகளைத் திரட்டு என்றால் நானும் திரட்டு என்றே சொல்வேன். ஸ்டூடியோவைத் தள்ளு என்ற அடுத்த வரி இவற்றிலிருந்து பிறக்கவில்லை. அதை அவர்கள் சும்மா சேர்த்துக்கொள்கிறார்கள்.

நேரடி டேப் ஒன்றும் நடந்ததை அப்படியே பிடித்து வைப்பதும் இல்லை. 1961 கோடையில் வில்லேஜ் கேட் கிளப்பில் மேலே தொங்கிய ஒரே மைக்கில் ரிச் ஆல்டர்சன் பதிந்த டேப் நியூயார்க் பொது நூலகத்தில் கிடைத்து 2023இல் வெளிவந்தது. எரிக் டால்ஃபியும் கோல்ட்ரேனும் அருகருகே கேட்கும் பெரும் செல்வம். ஆனால் டிரம்ஸ் முன்னே வந்து நிற்கிறது, பியானோ சில இடங்களில் தூரத்தில் போய்விடுகிறது. மைக் தொங்கிய இடத்திலிருந்து கேட்ட காதின் சாட்சி அது. டைனர் அன்று மெல்ல வாசித்தார் என்று அதைக் கேட்டு யாராவது எழுதினால் தப்பாகப் போகும். 1957இல் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மாங்க்கோடு கோல்ட்ரேன் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்தார். அவரது வளர்ச்சியில் தலையாய காலம். அந்த இரவுகளுக்கு நல்ல டேப் இல்லை. அந்த நால்வர் குழு ஸ்டூடியோவில் வாசித்த மூன்றே மூன்று பாட்டுகள்தான் பல பத்தாண்டுகள் நமக்குச் சான்றாக இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் வாசித்த டேப்பை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் லாரி ஆப்பல்பாம் 2005இல் கண்டெடுத்தபோது, அது எவ்வளவு பெரியது என்று உலகுக்கு உடனே புரிந்ததற்கும் அந்த மூன்று பாட்டுகள் காரணம்.

1963 மார்ச் மாதத்தின் இரண்டு நாட்கள் இந்தப் பிரிவினையை முற்றாக உடைக்கின்றன. குழு அப்போது இரவில் பேர்ட்லேண்டில் வாசித்துக்கொண்டிருந்தது. மார்ச் 6 பகலில் வான் கெல்டரிடம் போய் ஒரு தட்டுக்கு உரிய இசையைப் பதிந்தார்கள். மறுநாள், மார்ச் 7, அதே இடத்தில் பாடகர் ஜானி ஹார்ட்மனோடு ஆறு மெதுவான பாட்டுகள். கம்பெனியின் நெருக்கடிக்குப் பணிந்து செய்தது என்று நேரடிப் பிரியர்கள் ஹார்ட்மன் தட்டை ஒதுக்குவார்கள். முப்பத்தோரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். ஹார்ட்மனின் கனத்த குரல் ஒரு வரியை விட்ட இடத்தில் கோல்ட்ரேன் எவ்வளவு குறைவாக, எவ்வளவு அடங்கி எடுக்கிறார் என்று பாருங்கள். இந்த அடக்கம் யாரும் திணித்தது என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. முந்தின நாள் பதிந்ததோ அப்போது தட்டாக வெளிவரவே இல்லை. கம்பெனியின் மூல டேப்புகள் போய்விட்டன. கோல்ட்ரேன் வீட்டில் கேட்டுப் பார்ப்பதற்காக எடுத்துப் போன பிரதி முதல் மனைவி நைமாவின் குடும்பத்திடம் தங்கியிருந்தது. அதிலிருந்துதான் 2018இல் ‘போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்’ வந்தது. மேடையில் பல நூறு முறை வாசித்த ‘இம்ப்ரெஷன்ஸ்’ஸை அதில் பியானோவை நிறுத்திவிட்டு மூவராக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை, சுருக்கமாக முயன்று பார்க்கிறார். ஸ்டூடியோப் பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்பக் கேட்டு எடைபோட்டவர் அவர். அவரே இவ்வளவு மதித்ததை ஒதுக்க நமக்கென்ன உரிமை?

அலமாரியில் ஸ்டூடியோவுக்கு ஒரு அடுக்கு, நேரடிக்கு ஒரு அடுக்கு என்று பிரித்து வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். எல்லாவற்றையும் கலைத்து, பதிவான தேதி வரிசையில் அடுக்குங்கள். 1961ஐ மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மே, ஜூனில் ‘ஆப்பிரிக்கா’ பித்தளைக் கருவிகளின் பெருங்கூட்டத்தோடு ஸ்டூடியோவில் பதிவாகிறது. அடியில் இரண்டு பாஸ்கள். அந்த மே மாதமே ‘ஓலே’. பிறகு கோடையில் வில்லேஜ் கேட்டில் அதே ‘ஆப்பிரிக்கா’, ஊதுகுழல் கூட்டம் இல்லாமல், அந்த இரண்டு பாஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு. ஸ்டூடியோவுக்கு வெளியே இந்தப் பாட்டுக்கு நமக்குத் தெரிந்த ஒரே பதிவு அது. நவம்பரில் வான்கார்டு, ‘இந்தியா’வில் மறுபடி இரண்டு பாஸ். இந்த வரிசையில் கேட்கும்போது ஸ்டூடியோவில் பெருங்குழுவுக்காகக் கண்டுபிடித்த ஒலியை அவர் எப்படிச் சின்ன மேடைக்கு இறக்கிக்கொண்டார் என்பது தெளிவாகத் தெரியும். வில்லேஜ் கேட் டேப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டாவது பாஸ் ஏன் அங்கே நிற்கிறது என்பதே புரியாது.

கடைசியாக ‘ஒகுண்டே’. 1967 மார்ச் 7 அன்று ஸ்டூடியோவில் மூன்றரை நிமிடம் வாசித்தார். அவர் தன் கையாலேயே ஒப்புதல் கொடுத்த கடைசித் தட்டான ‘எக்ஸ்பிரஷன்’ அதில்தான் தொடங்குகிறது. ஏப்ரல் 23 அன்று ஹார்லெமில் ஒலாதுஞ்சி மையத்தில் அதையே 28 நிமிடம் வாசித்தார். ஜூலை 17 அன்று கல்லீரல் புற்றுநோயில் இறந்தபோது வயது 40. ஹார்லெம் டேப்பில் ஒலி உடைகிறது, டிரம்ஸ்கள் எல்லாவற்றையும் மூழ்கடிக்கின்றன, நோயுற்ற மனிதர் அதற்குள்ளிருந்து கத்துகிறார். அதைக் கேட்டு நடுங்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் அவர் பற்றிக்கொண்டிருக்கும் மெட்டு எது, எங்கே அதை விடுகிறார், எங்கே திரும்பி வருகிறார் என்பதைப் பிடிக்க வேண்டுமானால் மார்ச் மாதத்து மூன்றரை நிமிடத்தை முதலில் காதில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். அது காதில் இல்லாமல் ஏப்ரல் டேப்பைக் கேட்பவருக்கு ஆவேசம் கிடைக்கும். அந்த மெட்டு கிடைக்காது. கோல்ட்ரேன் அன்று வாசித்ததோ அந்த மெட்டைத்தான்.